நாலு மணிக்கு மேல என்ன பண்ணுவாங்க?

அக்கா பொண்ணுக்கு சியூஇடி (மத்திய யுனிவர்சிட்டில சேர எழுதுற பொது என்ட்ரன்ஸ்) ஸ்கோர் வந்ததுல இருந்து எங்க ஃபேமிலி குரூப்ல ரெண்டு நாளா ஒரே ரகளை. பாண்டிச்சேரி யுனிவர்சிட்டில எம்எஸ்சி கிடைக்கும் போல இருக்கு, அவளுக்கும் ஆசை. மாமா கேக்குற ஒரே கேள்வி பிளேஸ்மென்ட் எப்படி, பேக்கேஜ் எவ்ளோ. யுனிவர்சிட்டி இருக்குறது காலாப்பட்டுல, அதுக்கு பெரியப்பா ஒருத்தர் "காலாப்பட்டா, அது ஜெயில் இருக்குற ஊராச்சே"ன்னு ஒரு வாய்ஸ் நோட் போட்டாரு. ஆமா பெரியப்பா, புதுச்சேரி சென்ட்ரல் ஜெயில் அங்கதான் இருக்கு, அரசு சட்டக் கல்லூரியும் அங்கதான் இருக்கு, ரெண்டும் பக்கத்து பக்கத்துல இருக்குறது வசதிதானே. குரூப்ல இத போட்டா சண்டை வரும்னு இங்க எழுதுறேன். நான் அங்க ரெண்டு வருஷம் எம்ஏ சோஷியாலஜி படிச்சவ, 2011ல சேந்தேன், அதனால கொஞ்சம் பேச உரிமை இருக்கு.

அதுக்கு முன்னாடி டிகிரி படிச்ச காலேஜ பத்தி சொன்னாதான் இது புரியும். பேர் வேணாம், அந்த மாதிரி காலேஜ் நம்ம எல்லா மாவட்டத்துலயும் இருக்கு. காலைல ஆறே முக்காலுக்கு காலேஜ் பஸ் ஏறணும், சாயந்திரம் ஆறு மணிக்கு வீட்டுல இறங்கணும், பஸ்ல பொண்ணுங்க முன்னாடி பசங்க பின்னாடி, மாடிப்படி கூட ரெண்டு பேருக்கும் தனித்தனி, மொபைல் கண்ணுல பட்டா புடுங்கிட்டு அப்பாவ வரச் சொல்லுவாங்க. லைப்ரரிக்குன்னு வாரத்துல ஒரு பீரியட், அதுக்கும் வரிசையா போய் வரிசையா வரணும். மூணு வருஷத்துல நானா முடிவு பண்ணி செலவழிச்ச ஒரு மணி நேரம் கூட ஞாபகம் இல்ல. மார்க் நல்லா வந்துச்சு, அத சொல்லியாகணும். எங்க ஊர் செஞ்சி பக்கம், அங்க இந்த காலேஜுக்கு ஒழுக்கமான காலேஜ்னு நல்ல பேரு.

அப்ப சியூஇடி எல்லாம் கிடையாது, அது 2022ல வந்தது. யுனிவர்சிட்டியே தனியா என்ட்ரன்ஸ் வைக்கும். எழுதினேன், கிடைச்சிருச்சு, அப்பா டிரங்க் பெட்டி பக்கெட் பாய் எல்லாம் தூக்கிட்டு வந்து ஹாஸ்டல்ல விட்டாரு. டவுன்ல இருந்து வடக்கால பத்து பன்னெண்டு கிலோமீட்டர், ஈசிஆர் ஓரமா கிட்டத்தட்ட 800 ஏக்கர், செம்மண்ணு, முந்திரி, பனை. உள்ள நுழைஞ்சா கட்டிடம் எங்கன்னு தேடணும். அப்பா அங்க இருந்த வாட்ச்மேன் கிட்ட கேட்டாரு, கிளாஸ் எப்ப முடியும்னு. அவரு, மூணு ஆகும் நாலு ஆகும் சார், டிபார்ட்மென்ட பொறுத்துன்னாரு. "அப்புறம் நாலு மணிக்கு மேல என்ன பண்ணுவாங்க?" அந்த வாட்ச்மேன் அப்பாவ ஒரு மாதிரி பாத்துட்டு "அது அவங்க இஷ்டம் சார்"ன்னாரு. அப்பா மூஞ்சி போன போக்க பாக்கணும். பெட்டிய திருப்பி தூக்கிட்டு பஸ் ஏறிடுவாரோன்னு எனக்கு பயமே வந்துருச்சு.

அப்பா கேட்ட அந்த கேள்விதான் இந்த பதிவு முழுக்க. ஒரு கேம்பஸ் நல்ல கேம்பஸா இல்லையான்னு தெரியணும்னா நாலு மணிக்கு மேல அங்க என்ன நடக்குதுன்னு கேட்டா போதும்னு நான் இப்ப நினைக்கிறேன். நாலு மணி வரைக்கும் நடக்குறது எல்லா ஊர்லயும் கிட்டத்தட்ட ஒண்ணுதான், சிலபஸ், இன்டர்னல், செமஸ்டர்.

முதல் மாசம் நரகம்ங்க. டைம்டேபிள்ல பாதி கட்டம் காலி. அங்க ஹார்ட் கோர் சாஃப்ட் கோர்னு ரெண்டு வகை பேப்பர், ஹார்ட் கோர் உன் டிபார்ட்மென்ட்ல கண்டிப்பா படிக்க வேண்டியது, சாஃப்ட் கோர் நீயா தேர்ந்தெடுக்குறது, வேற டிபார்ட்மென்ட்ல கூட போய் எடுக்கலாம். "உனக்கு என்ன புடிக்குமோ எடு"ன்னு அதுவரைக்கும் யாரும் என்கிட்ட சொன்னதே இல்ல, எது ஈஸியா மார்க் வரும்னு சீனியர்ஸ் கிட்ட கேட்டுட்டு அத எடுத்தேன். காலி நேரத்துல ரூம்ல உக்காந்து துணி மடிச்சேன். நிஜமாவே, மடிச்ச துணிய பிரிச்சு திருப்பி மடிச்சேன்.

ரூம்ல மூணு பேர். ஒருத்தி பாலக்காடு, ஒருத்தி ஒடிசா. ஒடிசாக்காரிக்கும் எனக்கும் பொதுவா பேச ஒண்ணுமே இல்ல, அவ இங்கிலீஷும் என் இங்கிலீஷும் ஒண்ண பாத்து ஒண்ணு ஒளிஞ்சுக்கும். ஒரு நாள் மெஸ்ல இருந்து ராத்திரி சோறு வாங்கிட்டு வந்து தண்ணி ஊத்தி வச்சா, காலைல உப்பு போட்டு வெங்காயம் கடிச்சுக்கிட்டு சாப்பிட்டா. பக்காலாவாம். அடிப்பாவி எங்க வீட்டு பழைய சோறுடி இதுன்னு தமிழ்லயே கத்திட்டேன், அவளுக்கு எப்படியோ புரிஞ்சுது. அன்னைல இருந்து மோர் மிளகாய் என் சப்ளை.

இன்னொன்னு, இத எழுதலாமா வேணாமான்னு யோசிச்சேன், எழுதிடறேன். நம்ம ஆளுங்க ரெண்டு பேர் சந்திச்சா முதல்ல எந்த ஊருன்னு கேப்போம், அடுத்து ஊர்ல எந்தப் பக்கம்னு கேப்போம், மூணாவது கேள்வி அப்பா பேரு, அதோட கணக்கு முடிஞ்சிடும். என் ஊர் பேர வச்சு, தெரு பேர வச்சு நான் யாருன்னு கண்டுபிடிக்க தெரியாத ஜனங்களோட நான் முதல் தடவையா உக்காந்து சாப்பிட்டது அந்த மெஸ்லதான். மணிப்பூர்க்காரிக்கு என் தெரு என்ன தெரியும். அவ தெரு எனக்கு என்ன தெரியும். அதுக்காக அங்க எல்லாரும் சமமா கைகோத்துட்டு நடந்தாங்கன்னு ரீல் விடல, மெஸ்ல மலையாளி டேபிள், தெலுங்கு டேபிள், இந்தி டேபிள், நம்ம டேபிள்னு தனித்தனியாதான் இருக்கும், நம்ம டேபிள்ல அந்த மூணு கேள்வியும் தவறாம வரும். ஆனா எந்திரிச்சு வேற டேபிளுக்கு போக வழி இருந்துச்சு. ஊர்ல எந்திரிச்சா போறதுக்கு வேற டேபிள் ஏது?

அளவுன்னு ஒண்ணு இருக்கு, அத யாருமே பேசுறதில்ல. என் காலேஜ்ல எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும், ஒரு பையன் கூட ரெண்டு நிமிஷம் நின்னு பேசினா சாயந்திரம் நான் பஸ் இறங்குறதுக்குள்ள வீட்டுக்கு நியூஸ் போயிடும். டெல்லி மாதிரி பெரிய பெரிய யுனிவர்சிட்டில படிச்ச பிரெண்ட்ஸ் சொல்றது இதுக்கு நேர் எதிரு, லட்சக்கணக்குல கூட்டம், ஊர் முழுக்க காலேஜ், செத்தாலும் யாருக்கும் தெரியாதுன்னு. காலாப்பட்டுல நாங்க அப்ப அஞ்சாயிரம் ஆறாயிரம் பேர் இருந்திருப்போம். இந்த அளவுல என்ன ஆகும்னா, பாதி பேர மூஞ்சி தெரியும் பேர் தெரியாது. லைப்ரரில தினமும் அதே ஜன்னல் ஓர சீட்ல உக்கார்ற கண்ணாடி அக்கா, டீக்கடைல ரெண்டு சமோசாவ ஒண்ணு மேல ஒண்ணு வச்சு சாப்பிடுற ஆளு, இவங்க பேரு எனக்கு கடைசி வரைக்கும் தெரியாது, ஆனா ராத்திரி எட்டரை மணிக்கு லைப்ரரில இருந்து தனியா நடந்து வரும்போது எதிர்ல இவங்கள்ல யாராவது ஒருத்தர் வருவாங்க, ஒரு தலையசைப்பு, அவ்ளோதான், அந்த ரோடு பயமில்லாத ரோடு ஆயிடும். என்னை கண்காணிக்கிற அளவுக்கு யாருக்கும் என்னை தெரியாது, கண்டுக்காம போற அளவுக்கு தெரியாதவளும் இல்ல. இருட்டினப்புறம் ஒரு ரோட்டுல தனியா, வேகமா நடக்காம, சும்மா நடக்குறதுன்னா என்னன்னு எனக்கு இருபத்தோரு வயசுல அங்கதான் தெரிஞ்சுது. பசங்களுக்கு இந்த பத்தி புரியாம போகலாம், பரவால்ல.

லைப்ரரின்னதும் ஞாபகம் வருது, அது பேரு ஆனந்தரங்கப் பிள்ளை நூலகம். பிரெஞ்சு கவர்னர் டூப்ளேக்கு துபாஷியா, அதாவது மொழிபெயர்ப்பாளரா இருந்தவரு, 1736ல இருந்து 1761 வரைக்கும் டைரி எழுதினவரு, கப்பல்ல என்ன வந்துச்சு, கவர்னர் என்ன சொன்னாரு, ஊருக்குள்ள என்ன வம்பு, எல்லாத்தையும். மூணு மாசம் அந்த வாசல்ல போயிட்டு வந்தப்புறம்தான் பேர படிச்சேன், உள்ள போய் டைரில ஒரு வால்யூம் எடுத்து புரட்டினேன். சிலபஸ்ல இல்லாத புத்தகத்த யாரும் சொல்லாம நானா எடுத்தது வாழ்க்கைல அதுதான் முதல் தடவ.

வகுப்புல பேசுறது தனி கதை. முதல் செமஸ்டர் முழுக்க வாய தொறக்கல. கேரளா பொண்ணுங்க ஆசிரியர் கூட சரிக்கு சரியா வாதாடும்போது எனக்கு வயித்துல பயம், இங்கிலீஷ் பயம் பாதி, எதிர்த்து பேசலாமாங்கற பயம் மீதி. ஒரு செமினார்ல நான் மனப்பாடம் பண்ணின நாலு பக்கத்த ஒப்பிச்சு முடிச்சதும் சார் பொறுமையா கேட்டாரு, இதெல்லாம் அந்த புத்தகக்காரர் நினைக்கிறது, நீ என்ன நினைக்கிறன்னு. நான் முழிச்சேன். நான் எதாவது நினைக்கணும்னு அதுவரைக்கும் யாரும் எதிர்பாக்கல. தமிழ்ல சொல்லுன்னாரு, தமிழ்லயும் வரல, அப்பதான் உறைச்சுது பிரச்சனை இங்கிலீஷ் மட்டும் இல்லன்னு.

2011 டிசம்பர் 30ஆம் தேதி தானே புயல். செமஸ்டர் லீவுக்கு நான் ஊருக்கு போயிருந்தேன், ஜனவரில திரும்பி வந்தா கேம்பஸ அடையாளமே தெரியல, நடந்து நடந்து பழகின ரோட்டுல நிழலே இல்ல, மரம் எல்லாம் வேரோட படுத்து கெடக்கு. ஒரு மரம் விழுந்ததுக்கு அழுவேன்னு நினைச்சதே இல்ல, அதுவும் அரை வருஷம் பழகின மரத்துக்கு.

அந்த வருஷம்தான் ரோட்ட தாண்டி கடலுக்கு அடிக்கடி போக ஆரம்பிச்சோம். கூட வர்றது ஈகாலஜி டிபார்ட்மென்ட் பிஎச்டி அக்கா ஒருத்தங்க. மீனவர் குப்பத்துல கரைய ஒட்டி கல்லு கொட்டி வச்சிருப்பாங்க, வீட்டு சுவரு பாதி இடிஞ்சு நிக்கும். கடல் கோச்சுக்கிட்டு உள்ள வருதுன்னு ஒரு பாட்டி சொன்னாங்க. அக்கா ஒரு குச்சிய எடுத்து மண்ணுல கோடு போட்டு சொன்னாங்க, கரையோரமா கடல்ல மணல் நகந்துக்கிட்டே இருக்கும், வருஷத்துல பெரும்பாலான மாசம் தெற்க இருந்து வடக்க போகும், வடகிழக்கு பருவமழை சமயத்துல திரும்பும், பாண்டில 80கள்ல துறைமுகத்துக்கு கடலுக்குள்ள கல்லுச்சுவர் கட்டினாங்க, மணல் அந்த சுவருக்கு தெற்கால தேங்கிடுச்சு, வடக்க இருக்குற ஊருக்கெல்லாம் வர வேண்டிய மணல் வரல, அதான் கரை கரையுது. கல்லு கொட்டின இடத்துக்கு அடுத்த ஊர்ல இன்னும் அதிகமா கரையும், அங்கயும் கல்லு கொட்டுவாங்க, அது அதுக்கடுத்த ஊருக்கு போகும். இந்த மாசம் எங்க வீட்டுக்கு அடுத்த மாசம் உங்க வீட்டுக்குன்னு வர்ற சீட்டு மாதிரி இருக்கேக்கான்னேன். என் டெர்ம் பேப்பர் அந்த குப்பத்த பத்திதான், யார் வீடு முதல்ல போச்சு, நஷ்டஈடு கேக்க யாருக்கு வாய் இருந்துச்சு, யாருக்கு இல்லன்னு. எந்த டைம்டேபிள்லயும் இந்த கிளாஸ் இல்ல. சாயந்திரம் அஞ்சு மணிக்கு ரெண்டு டிபார்ட்மென்ட் பொண்ணுங்க வெட்டியா கடல் பாக்க போனதால வந்த பேப்பர் அது.

இந்த பிஎச்டி அக்காங்க அண்ணனுங்கதான் கேம்பஸ்ல ரொம்ப முக்கியம்னு நான் சொல்லுவேன். டிகிரி காலேஜ்ல எல்லாருக்கும் ஒரே வயசு, கேம்பஸ்ல இருவதுல இருந்து முப்பத்தஞ்சு வரைக்கும் ஒரே கேன்டீன்ல உக்காந்திருப்பாங்க. நெட் தகுதித் தேர்வு பாஸ் பண்ணாம பிஎச்டி பண்றவங்களுக்கு உதவித்தொகை அப்ப மாசம் எட்டாயிரம், அந்த தேர்வுல நல்ல மார்க் எடுத்து ஜேஆர்எஃப் வாங்கினவங்களுக்கு பதினாறாயிரம், அதுவும் மாசாமாசம் ஒழுங்கா வந்தா. பணம் ஏறின அன்னைக்கு பத்து பேருக்கு பரோட்டா, அடுத்த மாசக்கடைசில அதே பத்து பேர்கிட்ட அம்பது நூறு கைமாத்து. கல்யாணம் எப்பன்னு வீட்டுல அரிக்கிறத எப்படி சமாளிக்கறது, கைடு கூட மனஸ்தாபம் வந்தா என்ன பண்றது, முப்பது வயசுல வேலை இல்லாம இருந்தா தூக்கம் எப்படி வரும், எல்லாம் அவங்கள பாத்துதான் தெரிஞ்சுக்கிட்டேன். சில பேரோட கதை சோகம்தான். எங்க விங்ல ஒரு பொண்ணு ரெண்டாவது மாசமே பெட்டி கட்டிட்டா, தனிமை தாங்கல. இது எல்லாருக்கும் ஒத்து வரும்னு சொல்ல மாட்டேன்.

நான் சேர்றதுக்கு ரொம்ப வருஷம் முன்னாடி எழுத்தாளர் கி.ரா. (கி.ராஜநாராயணன்) அங்க வருகைதரு பேராசிரியரா இருந்தாரு, நாட்டுப்புறக் கதை சேகரிக்க. மழைக்குத்தான் பள்ளிக்கூடம் ஒதுங்கினேன், அப்பவும் மழையத்தான் பாத்துட்டு இருந்தேன்னு சொன்ன மனுஷன். 1985ல பார்லிமென்ட் சட்டம் போட்டு ஆரம்பிச்ச ஒரு மத்திய யுனிவர்சிட்டி, மழைய வேடிக்கை பாத்த ஆள கூப்பிட்டு நாற்காலி போட்டு உக்கார வச்சுதுன்னு கேள்விப்பட்டப்ப துணி மடிச்ச என் முதல் மாசத்த நினைச்சு சிரிப்பு வந்துச்சு.

பிளேஸ்மென்ட்னு கேட்டீங்களே மாமா, என் கதைய ஒளிக்காம சொல்றேன். கேம்பஸ்ல எனக்கு எந்த கம்பெனியும் வேலை குடுக்கல. முடிச்சு அஞ்சு மாசம் வீட்டுல உக்காந்திருந்தேன், சொந்தக்காரங்க பேசினது எல்லாம் ஞாபகம் இருக்கு, உங்க டயலாக் உட்பட. முதல் சம்பளம் பதினோராயிரம், ஊர் ஊரா சர்வே எடுக்குற வேலை. தெரியாத ஊர்ல இறங்கி தெரியாத வீட்டு திண்ணைல உக்காந்து பேச்சு குடுக்கணும், ராத்திரி கடைசி பஸ்ஸுக்கு தனியா நிக்கணும். என்கூட சேந்த மூணு பேர் ரெண்டாவது வாரமே நின்னுட்டாங்க, நான் நிக்கல. எம்ஏ மார்க்ஷீட் எந்த ட்ரங்க்ல இருக்குன்னு கூட இப்ப தெரியாது.

கேம்பஸ்ல ஒரு பச்சை கலர் சைக்கிள் வச்சிருந்தேன். தீசிஸ் சப்மிட் பண்ணிட்டு ஊருக்கு கிளம்புன ஒரு அண்ணன் கிட்ட அறுநூறு ரூபாய்க்கு வாங்கினது, அவரு அத யாரோ ஒரு சீனியர் கிட்ட வாங்கினாராம், பெல் அடிக்காது, பிரேக்கும் அதன் இஷ்டம். 2013ல கிளம்பும்போது ஒரு ஜூனியர் பொண்ணுக்கு ஐநூறுக்கு குடுத்தேன்.

எழுதிட்டு இருக்கும்போதே மாமா போன். பேக்கேஜ பத்தி ஒண்ணும் கேக்கல. பொண்ணு கேம்பஸ் பெருசுன்னு சொல்றாளாம், வீட்டுல இருக்குற சைக்கிள பஸ் மேல போட்டு அனுப்பட்டுமான்னாரு. வேணாம் மாமா, அங்கயே கிளம்புற யாராவது விப்பாங்க, வாங்கிக்க சொல்லுங்கன்னேன்.