பாட்டிக்கு இன்னும் நேரம் வரலை

குமரன்: அதைக் கீழ வைங்க அண்ணி! முதல்ல கீழ வைங்க!

அண்ணி: என்னடா, பாம்பா? புத்தகம்தானே.

குமரன்: அது டிஸ்க்வேர்ல்ட் நாவல் வரிசையில முதல் புத்தகம் அண்ணி. 'தி கலர் ஆஃப் மேஜிக்', 1983. டிஸ்க்வேர்ல்டுக்குள்ள யாரும் முதல் புத்தகம் வழியா நுழையக் கூடாது.

அண்ணி: பின்ன, கொல்லைப்புறமாவா நுழைவாங்க?

குமரன்: அதை எழுதினப்ப டெர்ரி பிராட்செட் இன்னும் டெர்ரி பிராட்செட் ஆகல. வாள், மந்திரம்னு மத்தவங்க எழுதின கதைகளைக் கிண்டல் பண்ணிட்டிருந்தார், அவ்வளவுதான்.

அண்ணி: அட்டையில அவர் பேர்தானே போட்டிருக்கு? சரி, வெச்சுட்டேன். எனக்கு இது வேணாம். அந்தச் சூனியக்காரப் பாட்டி இருக்கே, வெதர்வாக்ஸ், அது வர்ற புத்தகம் ஒண்ணு எடுத்துக் கொடு. போதும்.

குமரன்: பாட்டிக்கு இன்னும் நேரம் வரலை.

(அந்தப் பெயர் அண்ணிக்கு எப்படித் தெரியும் என்று குமரன் கேட்டிருந்தால் இந்த உரையாடல் இங்கேயே முடிந்திருக்கும். கேட்கவில்லை. இந்த மாதிரி ஆட்கள் கேட்பதில்லை.)

அண்ணி: நேரம்னா? நல்ல நேரம் பார்த்துத்தான் படிக்கணுமா?

குமரன்: வரிசை அண்ணி, வரிசை. மொத்தம் 41 நாவல். இந்தப் படத்தைப் பாருங்க. மந்திரவாதி ரின்ஸ்விண்ட் தனி, சூனியக்காரிங்க தனி, டெத் தனி, வாட்ச் தனி, குட்டிச் சூனியக்காரி டிஃபனி தனி. எதுல இருந்து எதுக்குப் போகணும்னு ரசிகர்களே அம்புக்குறி போட்டு வரைஞ்சிருக்காங்க.

அண்ணி: இது புத்தகம் படிக்கறதுக்கா, பஸ் மாறிப் போறதுக்கா?

குமரன்: நீங்க வாட்ச்ல ஆரம்பிங்க.

அண்ணி: கடிகாரக் கதையா?

குமரன்: நகரக் காவல் படை! எட்டு நாவல். 'கார்ட்ஸ்! கார்ட்ஸ்!' 1989ல வந்தது. எங்க ஆளுங்கள்ல பாதிப் பேர் அதுலதான் ஆரம்பிக்கணும்பாங்க. மீதிப் பாதி 'மார்ட்'. ஒரே ஒருத்தர் மட்டும், வெளிவந்த வரிசையிலதான் படிக்கணும்னு பிடிவாதம் பிடிப்பார். அவரோட நாங்க பேசறதில்ல.

அண்ணி: பாவம். ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு எண்ணத் தெரிஞ்ச ஒரே ஆளு அவர்தான் போல.

குமரன்: முதல்ல அந்த உலகத்தோட அமைப்பைப் புரிஞ்சுக்கணும். தட்டையான உலகம். அதைச் சுமக்கறது நாலு யானை. யானைங்க நிக்கறது ஒரு பெரிய ஆமை முதுகுல.

அண்ணி: நம்ம பக்கம் எட்டு யானைடா. இவர் பாதியிலயே முடிச்சுட்டார்.

குமரன்: அஞ்சாவது யானை ஒண்ணு இருந்துச்சு, அது கீழ விழுந்துடுச்சுன்னு ஒரு ஐதீகம். அதை வெச்சு 1999ல தனியா ஒரு புத்தகமே இருக்கு. ஆனா அது இருபத்துநாலாவது. அதுக்கு முன்னாடி நீங்க...

அண்ணி: யானை விழுந்த கதை வேணாம். பாட்டி.

குமரன்: பாட்டிக்கு இன்னும் நேரம் வரலைன்னு சொன்னேன்ல. வேணும்னா டெத்ல ஆரம்பிங்க. டெத்னா எமன் மாதிரி. ஒரு கதாபாத்திரமாவே வருவார்.

அண்ணி: எருமை மேலயா?

குமரன்: வெள்ளைக் குதிரை. பேர் பிங்கி.

அண்ணி: எமனோட குதிரைக்குப் பேரு பிங்கியா! அதான், எனக்கும் அந்த மனுஷனைப் பார்த்துப் பயமே வரல.

குமரன்: (கேட்காமல்) 41ல ரெண்டைத் தவிர எல்லாத்துலயும் தலைகாட்டுவார். அவர் பேசறது மட்டும் முழுக்கக் கேப்பிட்டல் எழுத்துல இருக்கும். அதனாலதான் அண்ணி இதைத் தமிழ்ல கொண்டுவரவே முடியாது. நம்மகிட்ட பெரிய எழுத்து, சின்ன எழுத்தே கிடையாதே.

அண்ணி: அதனால என்ன? எமன் செந்தமிழ்ல பேசட்டும். நமக்கு அதைக் கேட்டாலே பாதி உயிர் போயிடும்.

(இது நல்ல யோசனை. குமரன் இதையும் கவனிக்கவில்லை.)

அண்ணி: சரி, இந்தா, இதுல பாட்டி இருக்குன்னு பின்னட்டையில போட்டிருக்கு. 'ஈக்வல் ரைட்ஸ்'. இதை எடுத்துக்கறேன்.

குமரன்: ஐயோ, அது மூணாவது! 1987! அதுல வர்ற பாட்டி வேற பாட்டி!

அண்ணி: ரெண்டு பாட்டியா?

குமரன்: ஒரே பாட்டிதான். ஆனா வேற. 'வியர்ட் சிஸ்டர்ஸ்'ல வர்ற பாட்டிதான் நிஜப் பாட்டி. அது 1988.

அண்ணி: ஒரு வருஷத்துல பாட்டி மாறிடுச்சா?

குமரன்: பாட்டி மாறல. எழுத்து மாறிடுச்சு. மூணாவதுல அது சும்மா ஒரு கிராமத்துச் சூனியக்காரி. ஆறாவதுல இருந்துதான் பாட்டி பாட்டியாகுது.

அண்ணி: அப்ப மூணாவதுல இருக்கறது பாட்டியோட பாட்டியா?

குமரன்: அண்ணி, விளையாடாதீங்க.

அண்ணி: நான் எங்கடா விளையாடறேன். ஒரு பாட்டியைக் கேட்டேன், நீ ரெண்டாக்கிட்ட. இன்னும் கொஞ்ச நேரம் நின்னா மூணாக்குவ.

குமரன்: 'வியர்ட் சிஸ்டர்ஸ்'ல மூணு சூனியக்காரிங்கதான்.

அண்ணி: பார்த்தியா.

குமரன்: நான் சொல்றதை ஒழுங்கா கேளுங்க. 1990ல இருந்து 2005 வரைக்கும் வந்ததுதான் உச்சம். அதுலயும் 'நைட் வாட்ச்', 2002, நூத்துக்கு நூறு. முதல் ரெண்டுக்கும் நாப்பது மார்க். கடைசி அஞ்சைத் தொடவே தொடாதீங்க. எழுத்துல பழைய பிடி இல்ல.

அண்ணி: ஏன், என்ன ஆச்சு?

குமரன்: அவருக்கு அல்சைமர். 2007 டிசம்பர்ல அவரே வெளியில சொல்லிட்டார். அப்புறம் டைப் அடிக்கவே முடியாமப் போச்சு. அவர் வாயால சொல்லச் சொல்ல எழுத்தாக்கினதுதான் எல்லாம்.

அண்ணி: அதுக்கப்புறம் அஞ்சா?

குமரன்: இந்த வரிசையிலயே அஞ்சு. வேற புத்தகங்களும் வந்துச்சு. ஆனா வாக்கியம் நீளமாயிடுச்சு, நகைச்சுவை குறைஞ்சிடுச்சு. நான் முப்பத்தஞ்சு மார்க்தான் போட்டிருக்கேன்.

அண்ணி: குமரா, போன வாரம் நீ ஒரு லீவ் லெட்டர் எழுதின. நாலு வரி. மூணு தடவை என்கிட்ட கொண்டுவந்து பிழை பார்க்கச் சொன்ன. உனக்கு என்ன வியாதி?

குமரன்: ...

அண்ணி: நினைவு கையை விட்டு நழுவுதுன்னு தெரிஞ்சே அந்த மனுஷன் உட்கார்ந்து கதை சொல்லியிருக்கார். நீ நாற்காலியில சாஞ்சுக்கிட்டு பார்டர் மார்க் போட்டு பாஸ் பண்ணிவிடற.

குமரன்: விமர்சனம்னு ஒண்ணு இருக்கில்ல அண்ணி.

அண்ணி: இருக்கட்டும். அஞ்சையும் படிச்சுட்டுத்தானே மார்க் போட்ட?

குமரன்: நாலு.

அண்ணி: அஞ்சுன்னியே?

குமரன்: கடைசிதை நான் படிக்கல. 'தி ஷெப்பர்ட்ஸ் கிரவுன்'. அவர் 2015 மார்ச்சுல போயிட்டார். இது அதே வருஷம் ஆகஸ்ட்ல வந்துச்சு. வந்ததுமே வாங்கிட்டேன். பிரிக்க மனசு வரல. அதைப் படிச்சு முடிச்சுட்டா இனிமே எனக்குப் புதுசா ஒரு பக்கம்கூட மிச்சம் இருக்காது. நான் மட்டும் இல்ல, நிறைய பேர் இப்படி வெச்சிருக்காங்க.

(இதைச் சொல்லும்போது மட்டும் குமரனின் குரலில் மார்க் போடும் தொனி இல்லை. அதையும் சொல்லிவிட வேண்டும்.)

அண்ணி: படிக்காமலே முப்பத்தஞ்சா?

குமரன்: எல்லாரும் சொன்னாங்க.

அண்ணி: ம். அவர் எழுதி முடிக்காம விட்டது எதுவும் இருக்கா?

குமரன்: இருந்துச்சு. அது இருந்த ஹார்ட் டிஸ்கை 2017ல ரோடு ரோலர் விட்டு நசுக்கிட்டாங்க. பழங்கால நீராவி ரோலர். அவரே கேட்டுக்கிட்டதுதான்.

அண்ணி: விவரமான மனுஷன். மிச்சம் வெச்சா நீங்க அதுக்கும் அம்புக்குறி போடுவீங்கன்னு தெரிஞ்சிருக்கு.

குமரன்: அண்ணி, கடைசியா சொல்றேன். அந்த உலகத்துல ஒரு பல்கலைக்கழகம் இருக்கு. அதோட நூலகர் ஒரு ஒராங்குட்டான். மந்திரம் தவறிப்போய் மனுஷன் குரங்காயிட்டார், அந்த உடம்பே வசதியா இருக்குன்னு அப்படியே இருந்துட்டார். கேட்டதுக்கெல்லாம் 'ஊக்'னுதான் சொல்வார். அவரை ரசிக்கணும்னாலே ஒரு பக்குவம்...

அண்ணி: அவர் கேட்ட புத்தகத்தை எடுத்துக் கொடுத்துடுவார்ல?

குமரன்: கொடுப்பார்.

அண்ணி: அவர்தான்டா எனக்கு வேணும். நான் ஒண்ணும் புதுசா ஆரம்பிக்க வரல. ஒரு பாட்டியை எனக்குப் பிடிச்சுப் போச்சு, அது சின்ன வயசுல எப்படி இருந்துச்சுன்னு பார்க்கலாம்னு வந்தேன். பிங்கி ஆளு அது வீட்டுக்கு வந்தப்பகூட என்ன நிதானம்! வீட்டையெல்லாம் தேய்ச்சுக் கழுவி, தன்னைக் கிடத்தறதுக்கு வேண்டிய கூடையைத் தானே முடைஞ்சு வெச்சுட்டு...

குமரன்: எந்தக் கூடை?

அண்ணி: வில்லோ குச்சியில முடைஞ்சதுடா.

குமரன்: பிங்கி ஆளு எதுக்குப் பாட்டி வீட்டுக்கு வரணும்?

அண்ணி: எமன் எதுக்குடா வருவார், மொய் எழுதவா?

குமரன்: எந்தப் புத்தகத்துல?

அண்ணி: மேல்தட்டுல கடைசியா இருந்துச்சே, அதுல. உன் அலமாரியில பென்சில் கிறுக்கல் இல்லாத புத்தகம் அது ஒண்ணுதான். மத்ததுல எல்லாம் ஓரத்துல 'இங்கே சிரிக்கவும்' தவிர மீதி அத்தனையும் எழுதி வெச்சிருக்க. இதை நிம்மதியாப் படிச்சேன். ரெண்டு இடத்துல அழுதேன்.

குமரன்: நாப்பத்தொண்ணையா? 41ல ஆரம்பிச்சீங்களா?

அண்ணி: நான் எங்கடா ஆரம்பிச்சேன், முடிச்சுட்டேன்.

குமரன்: பாட்டி... போயிடுச்சா?

அண்ணி: ஆரம்பத்துலயேடா. அதுக்கப்புறம்தான் கதையே.

(கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.)

குமரன்: அப்புறம்?

அண்ணி: முதல்ல அந்த மூணாவதை எடு. சொல்றேன்.

குமரன்: அதுல வர்ற பாட்டி வேற பா...

அண்ணி: குமரா.

குமரன்: ஊக்.

(எடுத்துக் கொடுத்தான்.)