வெளுத்த கியர் ஆயில் என்றாலே விரிசல் என்று அர்த்தம் இல்லை

“கியர் ஆயில் பால் மாதிரி வெளுத்திருந்தால் கியர் பெட்டியில் விரிசல்தான், வெளியே எபாக்சி பசை பூசினால் சரியாகிவிடும்” என்று படகின் அவுட்போர்டு மோட்டார் (படகின் பின்னால் மாட்டும் எஞ்சின்) பற்றி ஒருவர் பதில் சொல்லியிருக்கிறார். முதல் பாதி பாதி உண்மை. இரண்டாவது பாதியை நம்பிச் செய்தால் கியர் போய்விடும்.

ஆயில் வெளுத்தால் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது, அவ்வளவுதான். பழைய மோட்டாரில் அது பெரும்பாலும் வருவது புரொப்பல்லர் ஷாஃப்ட் சீல் (புரொப்பல்லர் தண்டைச் சுற்றித் தண்ணீரைத் தடுக்கும் ரப்பர் வளையம்) வழியாகத்தான். புரொப்பல்லரைக் கழற்றிப் பாருங்கள், சீலுக்குப் பக்கத்தில் தூண்டில் நரம்பு சுற்றிக் கிடக்கலாம். ஆயில் திருகுகளின் நசுங்கிய வாஷரும் அடிக்கடி அகப்படும் குற்றவாளி.

ஊகிக்கவே வேண்டாம். ஆயிலை வடித்துவிட்டு, திருகுத் துளை வழியே கைப்பம்பால் 10 பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அலகு) அளவுக்குக் காற்று ஏற்றுங்கள். பம்பின் அழுத்தமானி முள் இறங்கினால் சோப்புத் தண்ணீர் தெளியுங்கள். குமிழி வருகிற இடம்தான் ஓட்டை.

உண்மையிலேயே விரிசலா? உள்ளே நின்ற தண்ணீர் குளிரில் உறைந்தால் அப்படிப் பிளக்கும். அப்போதும் எண்ணெய் ஊறிய அலுமினியத்தில் எபாக்சி ஒட்டாது. பிரித்து, கழுவி, அலுமினிய வெல்டிங் தெரிந்தவரிடம் கொடுங்கள்.