ஆங்கிலம் கற்பிக்க வெள்ளைக்காரர்தான் வேண்டுமா?

மட்டக்களப்பு, கல்முனைப் பகுதி வட்ஸ்அப் குழுக்களில், "ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவரிடம் படித்தால்தான் உச்சரிப்புச் சரிவரும், பிரித்தானியரைப் போலப் பேசாவிட்டால் ஐஈஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்ச்சிப் பரீட்சையில் புள்ளி குறையும்" என்றொரு செய்தி சுற்றுகிறது. இதன் இரண்டு பகுதிகளும் தவறானவை.

அப்பரீட்சையின் பேச்சுப் பகுதி சரளமும் தொடர்ச்சியும், சொல்வளம், இலக்கணம், உச்சரிப்பு என்னும் நான்கு அளவுகோல்களால் சமமாக மதிப்பிடப்படுகிறது. உச்சரிப்பிலும் பார்க்கப்படுவது பேச்சு எவ்வளவு தெளிவாக விளங்குகிறது என்பதே தவிர, அது எந்த நாட்டுச் சாயல் என்பதன்று.

தாய்மொழியாளரே சிறந்த ஆசிரியர் என்ற எண்ணம் 1961இல் உகண்டாவின் மக்கரேரேயில் நடந்த ஆங்கிலக் கற்பித்தல் மாநாட்டில் கோட்பாடாகவே வலியுறுத்தப்பட்டது. அதனை ஆதாரமற்ற நம்பிக்கை என்று மொழியியலாளர் ராபர்ட் பிலிப்சன் 1992இல் மறுத்தார். ஆங்கில ஆசிரியர்களின் சர்வதேச அமைப்பான டெசோல், தாய்மொழியாளர் அல்லாத ஆசிரியர்களுக்கு வேலையில் காட்டப்படும் பாகுபாட்டை எதிர்த்து 2006இல் அறிக்கை வெளியிட்டது.

மரபுத்தொடர்களில் தாய்மொழியாளருக்கு இயல்பான பழக்கம் உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. எனினும், பெயர்ச்சொல்லின் முன் 'த' (the), 'எ' (a) போன்ற ஆங்கிலச் சொற்களைத் தமிழ் மாணவர் ஏன் விட்டுவிடுகிறார், 'வி'யையும் 'டபிள்யூ'வையும் ஏன் ஒன்றாகவே ஒலிக்கிறார் என்பதை, அதே தடுமாற்றத்தைத் தாமே கடந்து வந்த அக்கரைப்பற்று ஆசிரியை ஒருவர் தமிழிலேயே விளக்கிவிட முடியும். வகுப்பில் சேருமுன் கேட்க வேண்டியவை ஆசிரியரின் பயிற்சியும் மொழித் தேர்ச்சியும். விளம்பரத்தில் அச்சிட்ட வெளிநாட்டு முகம் இவ்விரண்டையும் பற்றி எதுவும் சொல்வதில்லை.