ஆர்எக்ஸ்-8 எடுக்கப் போகும் தம்பிமாருக்கு

ஒரு இலட்சம் கிலோமீற்றர் தாண்டிய மஸ்டா ஆர்எக்ஸ்-8, எஞ்சின் சத்தம் சீராக இருந்தால் எடுக்கலாம் என்று ஒரு கட்டுரை சொல்கிறது. அதை நம்பாதீர்கள். இதில் இருப்பது ரொட்டரி எஞ்சின், அதாவது பிஸ்டனுக்குப் பதிலாக முக்கோண ரோட்டர் சுழல்வது. அதைக் காதை வைத்துப் பார்த்து வாங்க முடியாது. நன்றாகச் சூடேற ஓட்டி, நிறுத்தி, பத்து நிமிஷம் கழித்துத் திரும்ப ஸ்டார்ட் பண்ணுங்கள். செல்ஃப் இழுத்துக்கொண்டே போனால் ஏபெக்ஸ் சீல் (ரோட்டரின் முனைகளில் காற்றை அடைக்கும் பட்டை) தேய்ந்திருக்கலாம். அடுத்து ரொட்டரிக்கென்றே உள்ள டெஸ்டரால் கம்ப்ரஷன் (எஞ்சினுக்குள் காற்று அழுத்தப்படும் அளவு) பார்க்க வேண்டும்: இரண்டு ரோட்டர், ஒவ்வொன்றுக்கும் 3 முகம், 250 ஆர்பிஎம்மில் எதுவும் சதுர சென்ரிமீற்றருக்கு 6.9 கிலோவுக்குக் கீழே போகக்கூடாது. நுவரெலியாவில் காற்று மெலிது, நல்ல எஞ்சினும் குறைத்துத்தான் காட்டும். கண்டிக்கு இறக்கிப் பாருங்கள். ஒயில் குடிப்பது பழுதல்ல, சீலுக்கு மசகு அதுதான். டிப்ஸ்டிக் பார்க்கச் சோம்பல் என்றால் வேறு கார் தேடுங்கள். விற்பவர் டெஸ்டுக்கு மறுத்தால் பேரமே வேண்டாம்.