ஃபேனை நிறுத்திவிட்டு ஒரு பாட்டு

சித்திரை மாதத்து மதுரையில் ஒருவர் ஃபேனை நிறுத்தச் சொன்னால் அவரை என்ன செய்யலாம்? போன சனிக்கிழமை பயிற்சியில் எங்கள் கொயர் மாஸ்டர் அதைத்தான் சொன்னார். அடுத்த மாத மாலை ஆராதனைக்காக நாங்கள் பழகிக்கொண்டிருப்பது ஆர்வோ பேர்ட்டின் ‘தா பாசெம் டோமினே’ என்ற லத்தீன் பாட்டு. பேர்ட் எஸ்டோனியா நாட்டு இசையமைப்பாளர், 1935இல் பிறந்தவர். சோப்ரானோ, ஆல்ட்டோ, டெனர், பாஸ் என்று நாலு குரல் மட்டும்தான், வாத்தியம் கிடையாது. மெல்லப் பாடுகிற இடமெல்லாம் எங்களுக்கு முன்னால் ஃபேனின் ‘டடக் டடக்’ கேட்டது. நிறுத்தினோம், வேர்த்துக் கொட்டியது.

நான் பாஸ், அதாவது ஆண்களின் கீழ்க்குரல். வழக்கமான பாட்டுகளில் நான் சறுக்கினாலும் கீபோர்டு மூடி மறைத்துவிடும். இதில் தப்பிக்க வழியே இல்லை. பாடி முடித்ததும் மாஸ்டர் மொபைலில் ஆரம்ப ஸ்வரத்தைத் தட்டினார். நாங்கள் அரை ஸ்வரம் கீழே இறங்கி, அதுவும் ஒற்றுமையாக, நின்றுகொண்டிருந்தோம்.

விஷயத்துக்கு வருகிறேன். இந்தப் பாட்டைப் பற்றிச் சர்ச் கமிட்டியில் மூன்று பேச்சு ஓடுகிறது. “இழவு வீட்டுப் பாட்டு மாதிரி இருக்கே.” “கீபோர்டு வாசிக்க ஆள் இருக்கும்போது எதுக்குச் சும்மா பாடணும்?” “லத்தீன் யாருக்குப் புரியும், தமிழ்ல எழுதிப் பாடுங்க.”

முதலாமவர் ஒருவகையில் சரி. 2004 மார்ச் 11 அன்று மாட்ரிட் ரயில்களில் குண்டு வெடித்து 190க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதற்கு இரண்டு நாள் கழித்து எழுதத் தொடங்கிய பாட்டு இது. ஆனால் இது ஒப்பாரி இல்லை. எங்கள் நாட்களில் சமாதானம் தாரும், எங்களுக்காகப் போராட உம்மைத் தவிர யாருமில்லை என்கிற பழைய வேண்டுதல். என் பாளையங்கோட்டை ஆச்சி மாலை ஜெபத்தில் சொல்லி வந்ததும் இதே வேண்டுதல்தான்.

கீபோர்டு? பேர்ட் 1976 முதல் கையாளும் முறையில் ஒரு குரல் படிப்படியாக நடக்கும். இன்னொன்று ஒரு கார்டின், அதாவது சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டின், மூன்று ஸ்வரங்களை மட்டுமே தொடும். இரண்டும் சுத்தமாகச் சேர்ந்தால் மணி அடித்து ஓய்ந்த பிறகு வருகிற ரீங்காரம் கேட்கும். அதன்மேல் கீபோர்டின் ஸ்ட்ரிங்ஸ் டோனை (வயலின் மாதிரி ஒலியை) அழுத்தினால் மணியின் வாயில் துணி அடைத்த கதைதான்.

தமிழில் பாடும் யோசனைதான் எனக்குக் கவலை. பேர்ட்டின் இசை பெரும்பாலும் வார்த்தையின் அசையைப் பிடித்துக்கொண்டு நடப்பது. ‘பாசெம்’ இரண்டு அசை. அதே பொருள் தரும் ‘சமாதானம்’ நாலு. எங்கே திணிப்பது? இந்தத் திணிப்பு நமக்குப் புதுசும் இல்லை. மேல்நாட்டு மெட்டில் தமிழ் ஒட்டவில்லை என்று கண்டுதான் அமெரிக்கன் மதுரை மிஷனின் மிஷனரி எட்வர்ட் வெப், கிறிஸ்தவக் கவிஞர் வேதநாயக சாஸ்திரியார் போன்றோரின் கீர்த்தனைகளைத் தொகுத்து 1853இல் புத்தகமாக்கினார். ஒரு வெளிநாட்டுக்காரருக்கு அன்றே புரிந்தது இது! முதலில் வேண்டுதலைத் தமிழில் வாசிப்போம். அப்புறம் லத்தீனில் பாடுவோம். ஐந்து நிமிடம்தானே.

சனிக்கிழமை ஆறு மணிக்குப் பயிற்சி. பாஸுக்கு இன்னும் ரெண்டு பேர் வேண்டும். வருகிறவர்கள் கர்ச்சீஃப் கொண்டு வாருங்கள், ஃபேன் ஓடாது.