அம்மா நன்மை வாங்காத ஞாயிறுகள்

எங்கள் கத்தோலிக்கக் கோயில் பங்கின் (கோயிலைச் சேர்ந்த மக்களின்) வாட்ஸ்அப் குழுவில் நேற்று ஒருவர் பகிர்ந்திருந்தார்: உண்மையான கத்தோலிக்கன் திருச்சபையைக் கேள்வி கேட்கமாட்டான், கீழ்ப்படிவான். அதற்குக் கீழே வரிசையாகக் கைகூப்பல்கள். பகிர்ந்தவருக்கு இரண்டு பிள்ளைகள். கைகூப்பியவர்களில் பலருக்கு ஒன்று. எனக்கும் இரண்டுதான். செயற்கைக் கருத்தடை கூடாது என்கிற திருச்சபை, கருத்தரிக்கும் நாட்களைத் தவிர்க்கும் இயற்கை முறை ஒன்றை அனுமதிப்பது தெரியும். அதைக் கடைப்பிடித்து இரண்டோடு நின்ற தம்பதியர் எங்கள் பங்கில் இருந்தால் அவர்கள் காலில் விழத் தயார். மற்றவர்கள் என்ன செய்தோம் என்பது மருந்துக்கடைக்காரருக்குத் தெரியும்.

என் அம்மா கோத்தகிரிப் பக்கம் ஓர் எஸ்டேட்டில் கொழுந்து பறித்தவள். நாங்கள் நான்கு பேர், நான் கடைசி. என் பிரசவத்தில் ரத்தம் நிற்காமல் பிழைத்ததே பெரும்பாடு. அதே ஆண்டு, 1974-இல், குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷன் செய்துகொண்டாள். நீலகிரித் தோட்டங்களில் அப்போது அந்தப் பேச்சுதான். 1971-இல் தென்னிந்தியத் தோட்ட உரிமையாளர்களின் அமைப்பான உபாசி சங்கம் சில எஸ்டேட்டுகளில் ஒரு திட்டமே கொண்டுவந்திருந்தது: கருத்தரிக்காத ஒவ்வொரு மாதத்துக்கும் பெண் தொழிலாளியின் பெயரில் ஐந்து ரூபாய் சேமிப்பு, பிள்ளைகள் கூடினால் அதில் பிடித்தம். அம்மாவின் தோட்டம் அந்தத் திட்டத்தில் இல்லை. அவளுக்கு உயிர்தான் காரணம்.

பிறகு ஒரு தவக்காலத் தியானத்தில், அந்த ஆபரேஷன் சாவான பாவம் என்று பிரசங்கியார் சொல்லிவிட்டுப் போனார். அவர் சொந்தமாக எதையும் சேர்க்கவில்லை. 1968 ஜூலை 25 தேதியிட்ட சுற்றுமடலில் திருத்தந்தை ஆறாம் பவுல் (எங்கள் ஊர்ப் பெரியவர்களுக்கு இன்னமும் ஆறாம் சின்னப்பர்) செயற்கைக் கருத்தடை, கருத்தடை ஆபரேஷன் இரண்டையும் விலக்கியிருந்தார். அதை ஆராய்ந்த ஆணைக்குழுவில் பெரும்பான்மையோர் போதனையை மாற்றலாம் என்றார்கள், அவர் ஏற்கவில்லை. உடலையும் தாம்பத்தியத்தையும் பற்றி அவர் எழுதியதில் நான் மதிக்கும் இடங்கள் உண்டு. ஆனால் தோட்டத் தொழிலாளர் வரிசையில் இருந்த எங்கள் லயன் வீட்டுக்கு வந்து சேர்ந்தது அந்த ஒரு வாக்கியம் மட்டும்தான்.

சாவான பாவம் என்பது மிகக் கனமான பாவம்; அதைக் குருவிடம் அறிக்கையிட்டு மன்னிப்புப் பெறாமல் நன்மை, அதாவது பூசையில் தரும் நற்கருணை, வாங்கக்கூடாது. அதன் பிறகு அம்மா நன்மை வாங்கவில்லை. ஞாயிறு தவறாமல் பூசைக்கு வருவாள். எல்லோரும் எழுந்து போகும்போது பெஞ்சில் முழங்காலை ஒரு பக்கமாக ஒதுக்கி வழிவிடுவாள். கொழுந்துக் கறை படிந்த விரல்களைக் கம்பளிச் சால்வைக்குள் இழுத்துக்கொள்வாள். ஏன் வரவில்லை என்று கேட்டால், "டீ குடித்துவிட்டேன்டா" என்பாள். நற்கருணைக்கு ஒரு மணி நேர உபவாசம் போதும் என்று ஞாயிறு மறைக்கல்வியில் எனக்குச் சொல்லித்தந்திருந்தார்கள். அம்மா டீ குடிப்பது விடியற்காலை ஐந்துக்கு, பூசை ஏழரைக்கு. கணக்கு உதைத்தது.

எனக்குக் கல்யாணமான பிறகுதான் உண்மையைச் சொன்னாள். பாவசங்கீர்த்தனத்தில், குருவிடம் பாவத்தை அறிக்கையிடும்போது, சொல்லிவிட்டால் முடிந்தது, கருக்குழாயை மறுபடி ஒட்டவைக்கச் சொல்லி யாரும் கேட்கமாட்டார்கள் என்றேன். "வருத்தமே இல்லாததற்கு மனஸ்தாப மந்திரம் எப்படிச் சொல்வது? சாமியிடம் பொய் சொல்லச் சொல்கிறாயா?" என்றாள்.

இதற்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை. நான் ஞாயிறுதோறும் நன்மை வாங்குகிறேன். இருபது ஆண்டுகளாக எங்கள் கருத்தடையைப் பற்றி ஒரு குருவிடமும் வாய் திறந்து சொன்னதில்லை, அவர்களும் கேட்டதில்லை. எங்கள் இருவரில் போதனையைப் பொருட்படுத்தியவள் அவள்தான். குழுவில் கைகூப்பியவர்கள் அவளைத்தான் கீழ்ப்படியாதவள் என்பார்கள்.

எனக்குக் கோபம் சட்டத்தின் மீது அல்ல. உறுதியான மனச்சான்றின் தீர்ப்புக்கு மனிதர் எப்போதும் கீழ்ப்படிய வேண்டும் என்று திருச்சபையின் மறைக்கல்வி நூலே 1790-ஆம் எண்ணில் சொல்கிறது. மனச்சான்று தவறவும் கூடும் என்று கூடவே எச்சரிக்கிறது. இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு அவளோடு உட்கார்ந்து பேச ஒருவரும் வரவில்லை. சாவான பாவம் என்று சொல்ல மட்டும் மலையேறி வந்தார்கள்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு அம்மா படுக்கையில் இருந்தபோது நோயில்பூசுதலுக்கு, நோயாளிக்கு எண்ணெய் பூசி மன்றாடும் சடங்குக்கு, ஓர் இளம் குருவானவர் வந்தார். "பாட்டி தனியாகப் பேச வேண்டும் என்கிறார்கள்" என்று எங்களை வெளியே அனுப்பினார். அடுக்களையில் நின்றிருந்தோம். கால் மணி நேரம் இருக்கும். கதவு திறந்தபோது அவர் கையில் நற்கருணைச் சிமிழ் இருந்தது, அம்மா நாக்கை நீட்டியிருந்தாள். அவள் வருத்தம் தெரிவித்தாளா, வருத்தமில்லை என்றதை அவர் பொறுமையாகக் கேட்டாரா, எதுவும் எனக்குத் தெரியாது. பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதைக் குரு வெளியே சொல்லக்கூடாது என்பதால் அவரைக் கேட்கவும் முடியாது.

அவர் ஜீப் ஏறிப் போன பிறகு அம்மா டீ கேட்டாள். போட்டுக் கொடுத்தேன்.