எட்டாம் நம்பர் வீடு வேண்டாமாம்

என் மச்சான் ஒருவர் கனடாவில் மார்க்கம் என்ற நகரத்தில் வீடு வாங்கினார். அதற்கு முன் பதினேழு வீடு பார்த்தார், பாதிக்கு நானும் கூட அலைந்தேன். ஒன்று தெற்கு வாசல் என்று போனது. இன்னொன்றின் இலக்கம் 26, கூட்டினால் எட்டு, சனியனுடைய எண், வேண்டாம். மூன்றாவது நல்ல வீடு, ஆனால் தெருக்குத்து. கடைசியில் எல்லாப் பொருத்தமும் சரிவந்த வீட்டில் பால் காய்ச்சி, ஐயர் ஓமம் வளர்த்து, அந்தப் புகைக்கு அலாரம் அலற, ஒருவர் கதிரையில் ஏறித் துவாயால் விசுக்கி அதை நிறுத்தி, குடிபூரல் நடந்து முடிந்தது.

சாப்பாடு முடிந்ததும் வழக்கம்போல பேஸ்மென்ட் பார்க்கக் கூட்டிப் போனார். கூரை முழுக்கச் சின்னச் சின்ன லைட், இரண்டாவது குசினி, அம்மா அப்பாவுக்கு ஒரு அறை. மூலையில் தரையைத் தோண்டி வைத்த தண்ணீர்க் குழி, உள்ளே பம்ப். அதன் மூடி சரியாக மூடாமல் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நிற்க, பார்வைக்கு அழகில்லை என்று மேலே ஒரு கால்மிதியைப் போட்டிருந்தார்கள். நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன்: "ரேடான் சோதிச்சியா மச்சான்?"

"இவன் திரும்பத் தொடங்கிட்டான்" என்றார். சுற்றி நின்ற எல்லாரும் சிரித்தார்கள்.

சரி, தொடங்கத்தான் போகிறேன். நிலத்துக்குள் யுரேனியம் எங்கும் கொஞ்சம் கொஞ்சம் இருக்கிறது. அது சிதைந்து ரேடியமாகி, பிறகு ரேடான் என்ற வாயுவாகிறது. நிறம் இல்லை, மணம் இல்லை. வெளியே வந்தால் காற்றோடு கலந்து போய்விடும். ஆனால் குளிர்காலத்தில் நாங்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஹீட்டரைப் போடுகிறோம். சூடான காற்று மேலே ஏறி வெளியே போக, அந்த இடத்தை நிரப்ப வீடு நிலத்திலிருந்து காற்றை இழுக்கிறது. எதனூடாக? கொங்கிரீட் வெடிப்பு, குழாய் போகும் ஓட்டை, கால்மிதி போட்டு மறைத்த அந்தக் குழி. இழுத்த ரேடான் வீட்டுக்குள்ளேயே சிதைந்து பொலோனியமாகி, மூச்சோடு போய் நுரையீரலில் ஒட்டி, அங்கே ஆல்பா என்ற கதிரியக்கத்தை வீசுகிறது. நுரையீரல் புற்றுநோய்க்குப் புகைத்தலுக்கு அடுத்த காரணம் இதுதான். புகைக்காதவர்களுக்கு முதல் காரணமே இதுதான். கனடாவில் நுரையீரல் புற்றுநோயால் இறப்பவர்களில் 16 சதவீதம் இதனால் என்று அரசாங்கத்தின் சுகாதாரத் துறையான ஹெல்த் கனடா கணக்குச் சொல்கிறது. வருடத்துக்கு 3,000 பேருக்கு மேல்.

"அந்த மனுஷன் வாழ்க்கையில ஒரு சிகரெட் தொட்டதில்லை, அவருக்கு ஏன் இப்பிடி வந்தது?" என்று செத்தவீட்டில் அழுகிறோமே, அந்தக் கேள்விக்கு ஒரு பதில் பேஸ்மென்ட் தரைக்குக் கீழேயும் இருக்கலாம் என்று சொன்னால் என்னை விசரன் போல பார்க்கிறார்கள்.

எங்கள் வீட்டில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நான் ஏதோ பெரிய ஞானி என்று நினைப்பீர்கள். சோதிக்கிற சாமான் ஐஸ் ஹாக்கிப் பந்து அளவுக்கு ஒரு கறுப்பு வட்டப் பெட்டி. ஐம்பது அறுபது டாலர். பையைக் கிழித்து, ஆட்கள் அதிகம் புழங்குகிற கீழ்த்தளத்தில், மூச்சு விடுகிற உயரத்தில், மூன்று மாதம் வைக்க வேண்டும். பிறகு ஆய்வுகூடத்துக்குத் தபாலில் அனுப்ப வேண்டும். அவ்வளவுதான் வேலை. நானும் அம்மாவின் அறையில் ஒரு தட்டில் வைத்தேன். மூன்று மாதம் கழித்துப் போய்ப் பார்த்தால் தட்டில் இல்லை. அம்மா அதைப் பூச்சி வராமல் இருக்க வைக்கிற மருந்து என்று நினைத்து, அலுமாரிக்குள் கூறைச்சேலைக்குப் பக்கத்தில் பத்திரமாக வைத்திருந்தா. ஒரு குளிர்காலம் வீண். அடுத்த வருடம் திரும்ப வைத்தேன். ஒரு கன மீட்டர் காற்றுக்கு 340 பெக்கரல் என்று வந்தது. பெக்கரல் என்றால் கதிரியக்கத்தை அளக்கிற அலகு. கனடாவில் 200ஐத் தாண்டினால் திருத்து என்கிறார்கள். உலக சுகாதார நிறுவனமோ முடிந்தால் 100க்குள் வை என்கிறது.

340. அந்த அறையில் அம்மா ஐந்து வருடமாகப் படுத்து எழும்பிக்கொண்டிருந்தா.

திருத்த வந்தவர்கள் ஒரே நாளில் முடித்தார்கள். தரையைத் துளைத்து, ஒரு குழாயை இறக்கி, ஒரு ஃபேனைப் பூட்டி, கீழே இருக்கிற காற்றை வீட்டுக்குள் வரமுதலே உறிஞ்சி வெளியே விட்டார்கள். குழியின் மூடியையும் இறுக்கி அடைத்தார்கள். மூவாயிரம் டாலருக்குக் கிட்ட ஆனது. இப்போது 40க்குள் நிற்கிறது. மூவாயிரம் பெரிய காசுதான், மறுக்கவில்லை. ஆனால் குசினி மேடைக்குக் கல்லு மாற்றப் பன்னிரண்டாயிரம் கொடுத்த ஆட்கள் அந்தக் கணக்கை எனக்குச் சொல்லக் கூடாது.

கல்லு என்றதும் ஞாபகம் வருகிறது. "எங்கட வீட்டில கிரானைட் இல்லை, ஆனபடியா ரேடான் இல்லை" என்று ஒரு அக்கா அடித்துச் சொன்னா. அக்கா, வருவது நிலத்திலிருந்து, உங்கள் குசினி மேடையிலிருந்து அல்ல. இன்னொருவர் சுவரில் இருக்கிற கார்பன் மொனொக்சைட் அலாரத்தைக் காட்டி, "அது அடிக்கேல்லைத்தானே" என்றார். அது வேறு வாயு ஐயா, இதற்கு அது ஆயுசுக்கும் அடிக்காது. "புது வீடு" என்கிறார்கள். புது வீடுதான் காற்றுப் புகாமல் இறுக்கிக் கட்டின வீடு. "பக்கத்து வீட்டில குறைவாம்" என்கிறார்கள். ஒட்டி நிற்கிற இரண்டு வீட்டில் கூட அளவு வேறு வேறாக இருக்கும். 2012இல் வந்த ஆய்வில் கனடாவின் வீடுகளில் நூற்றுக்கு ஏழு வீட்டில் அளவு 200க்கு மேல். 2024இல் வந்த ஆய்வில் அது ஐந்தில் ஒன்றுக்குக் கிட்ட. உங்கள் வீடு எந்தப் பக்கம் என்று சாத்திரியாரா சொல்லப் போகிறார்?

அமெரிக்காவில் 1984இல் நடந்த ஒரு கதை இருக்கிறது. பென்சில்வேனியாவில் லிமரிக் அணுமின் நிலையத்தில் வேலை செய்த ஸ்டான்லி வாட்ராஸ் கதிரியக்கக் கருவியைக் கடக்கும்போதெல்லாம் அது அலறியது. நிலையமோ இன்னும் மின்சாரம் எடுக்கவே தொடங்கவில்லை. ஆளைத் தேய்த்துக் கழுவிப் பார்த்தும் தீரவில்லை. கடைசியில் பார்த்தால், மனுஷன் வேலையிடத்திலிருந்து கதிரியக்கத்தை வீட்டுக்குக் கொண்டு போகவில்லை, வீட்டிலிருந்து வேலைக்குக் கொண்டு வந்திருக்கிறார். அவருடைய வீட்டில், கனடாவில் நாங்கள் அளக்கிற கணக்கில், சுமார் 1,00,000 பெக்கரல். அவருக்கு அலற ஒரு கருவி இருந்தது. எங்களுக்கு ஓமப் புகைக்கு அலறுகிறது மட்டும்தான்.

அறியாமையைக் கூடப் பொறுத்துக்கொள்ளலாம். தெரிந்துகொண்டே கண்ணை மூடுகிறதைத்தான் தாங்க முடியவில்லை. வீடு விற்கிற தம்பி ஒருவர் கோப்பியை உறிஞ்சிக்கொண்டே எனக்குச் சொன்னார்: "அண்ணை, சோதிச்சால் விக்கேக்க சொல்லவேணும். சோதிக்காட்டி உங்களுக்கும் தெரியாது, வாங்கிறவனுக்கும் தெரியாது. ஏன் வீண் வேலை?" அவர் நல்ல பெடியன். அதை உண்மையாகவே உதவி என்று நினைத்துத்தான் சொன்னார். எனக்கு அன்றிரவு நித்திரை வரவில்லை.

பேஸ்மென்டை வாடகைக்கு விடுகிறவர்களைப் பற்றிச் சொல்லத் தொடங்கினால் விடிந்துவிடும். ஊரிலிருந்து படிக்க வந்த பிள்ளைகள் நாலு பேரை ஒரு அறைக்குள் போட்டு, ஆளுக்கு அறுநூறு வாங்குகிறீர்கள். வைஃபைக்குத் தனியாக வாங்குகிறீர்கள். அந்த அறுபது டாலர் பெட்டியை வைக்கக் கை வரவில்லை. அந்தப் பிள்ளை கேட்டால் வேறு இடம் பார் என்பீர்கள், அதனால் அது கேட்காது.

மச்சானுக்கு வருகிறேன். அவரோடு சண்டை பிடித்துப் பயனில்லை என்று, குடிபூரல் பரிசாக ஒரு குத்துவிளக்கும் அந்தப் பெட்டியும் கொடுத்திருந்தேன். அது நவம்பர். இப்போது ஜனவரி, வெளியே மைனஸ் பதினெட்டு. போன கிழமை போனபோது விளக்கு சாமி அறையில் ஜொலிக்கிறது. பெட்டி ஃபிரிட்ஜுக்கு மேலே, பையே கிழிக்காமல், பழைய பஞ்சாங்கத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. கீழே மாமியும் மாமாவும் படுத்திருக்கிறார்கள்.

"ஏன் இன்னும் வைக்கேல்லை?" என்றேன்.

"இந்தக் குளிருக்க என்னத்துக்கு மச்சான்? வெயில் வரட்டும். யன்னல் எல்லாத்தையும் திறந்துபோட்டு ஆறுதலா வைப்பம்."